தலைகீழ் வகுப்பும் என் வீட்டுக்காரியும்

ஜூலை 3, திங்கள்

எங்கள் எச்.எம். ஞானதுரை மதுரைக்குப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தால் பள்ளிக்கூடத்துக்கே காய்ச்சல் வரும். போன முறை போய்விட்டு வந்து, தினமும் காலையில் எல்லோரும் கூடி நின்று பத்து நிமிடம் சிரிக்க வேண்டும் என்றார். இந்த முறை அதைவிட மோசம். தலைகீழ் வகுப்பறையாம். ஆசிரியர் பாடத்தை வீட்டிலேயே நடத்தி, வீடியோ எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டுமாம். பிள்ளைகள் அதை ராத்திரி பார்த்துவிட்டு வர வேண்டுமாம். வீட்டுக்கணக்கை வகுப்பில் போட வேண்டுமாம்.

"வீட்டுல பாடம், பள்ளிக்கூடத்துல வீட்டுப்பாடம். அப்ப நான் வகுப்புல என்ன சார் செய்ய?" என்று கேட்டேன்.

"சுத்தி வாங்க திரவியம் சார். ஒவ்வொரு பிள்ளையா உக்காந்து பாருங்க."

"சுத்தி வாரதுக்கு அது என்ன கோயில் பிரகாரமா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். எச்.எம். மட்டும் சிரிக்கவில்லை. காலைச் சிரிப்பிலேயே அவருக்குத் தீர்ந்துபோயிருக்கும்.

திசையன்விளையில் இருபத்து நாலு வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். நான் நடத்த ஆரம்பித்தால் பக்கத்து வகுப்பு வரலாற்று டீச்சர் தன் பாடத்தை நிறுத்திவிட்டு என் பாடத்தைக் கேட்பார். வேறு வழியில்லாமல் நிறுத்துவதாக அவர் சொல்லித் திரிவது பொறாமை.

இந்தச் சோதனைக்கு மாட்டியது பத்தாம் வகுப்பு. ஏ பிரிவு எனக்கு. பி பிரிவு அனிட்டாவுக்கு, வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகாத பெண். காலாண்டுத் தேர்வு வரை இரண்டு பேரும் வீடியோ போட வேண்டும். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் வீடியோ மட்டும்தான், இரண்டு பிரிவுக்கும். மற்றவருக்குப் பாடம் நடத்தும் வேலையே கிடையாது, சுற்றி வருவது மட்டும். முடிவை எச்.எம். தானே வகுப்புக்கு வந்து சொல்வாராம்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. நடத்தாத வாத்தியார் என்ன வாத்தியார்?

ஜூலை 5, புதன்

கரும்பலகை ஒன்று வாங்கி, காலண்டர் ஆணியில் மாட்டினேன். செல்போனை இட்லிச் சட்டியில் சாய்த்து வைத்தேன். முழு மூச்சாக நாற்பத்திரண்டு நிமிடம் நடத்தினேன். நடுவில் குக்கர் மூன்று விசில் அடித்தது. என் வீட்டுக்காரி பிரம்மசக்தியிடம் அடுப்பை அணைக்கச் சொன்னதற்கு, "அப்ப ராத்திரி உங்க வீடியோவத் திங்கவா?" என்றாள்.

பாடம் முடிந்ததும் பழக்கத்தில், "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு நின்றேன். வகுப்பென்றால் நாற்பது பிள்ளைகளும் கூரை அதிர "புரிஞ்சுது சார்!" என்பார்கள். வீட்டில் பல்லிகூடச் சத்தம் கொடுக்கவில்லை. மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஜூலை 6, வியாழன்

பார்வைகள் பதினொன்று. அதில் நாலு நான்.

ஜூலை 7, வெள்ளி

வீடியோவை முழுக்கப் பார்த்தவர் யார் என்று கேட்டேன். ஒரே ஒருத்தன் கை தூக்கினான். அவனும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தானாம். "அப்படிப் பாத்தா நீங்க ரொம்பச் சுறுசுறுப்பா இருக்கீய சார்" என்றான். மற்றவர்களைக் கேட்டால் போன் அம்மாவுடையதாம். அம்மா சீரியல் முடித்துத் தரும்போது இவர்களுக்குத் தூக்கம் வந்துவிடுகிறதாம்.

அனிட்டாவின் வீடியோ ஆறே நிமிடம். முக்கோணங்கள் தாமாக வந்து ஒன்றன்மேல் ஒன்று உட்காருகின்றன. பின்னால் பாட்டு வேறு. கணக்குக்கு எதற்குப் பாட்டு? இதைப் பொறாமையில் சொல்லவில்லை. மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஜூலை 12, புதன்

இன்று ஒரு விபத்து.

கூட்டுத்தொடர் வரிசை. மூன்று, ஏழு, பதினொன்று என்று நாலு நாலாகக் கூடிக்கொண்டே போகும் எண்கள். அதில் பத்தாவது எண் வேண்டுமென்றால், பத்தில் ஒன்றைக் கழித்து, அந்த ஒன்பதை நாலால் பெருக்கி, முதல் எண்ணோடு கூட்ட வேண்டும். நன்றாகத்தான் சொன்னேன். அடுப்படியில் புழுக்கம் என்று பிரம்மசக்தி முன்னறை விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"புரிஞ்சுதா?" என்றேன், செல்போனைப் பார்த்து.

"இல்லையே" என்றாள் அவள்.

"உன்னை யாருட்டி கேட்டா?"

"புரிஞ்சுதான்னு கேட்டுக்கிட்டு நிக்கீய. இங்கன இருக்கது நான் ஒருத்திதான? பத்தாவது எண்ணு வேணும்னா பத்தைத்தான பெருக்கணும்? என்னத்துக்கு ஒண்ணைக் கழிக்கீய?"

"அது சூத்திரம்."

"கழிக்கச் சொன்னது யாரு?"

"ஏட்டி, உன் மண்டைக்குள்ள என்ன களிமண்ணா இருக்கு?"

"களிமண்ணாவே இருந்துட்டுப் போட்டும். பதிலைச் சொல்லுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில், "நம்ம தெருவுல வரிசையா பத்து வீடு. நீ முதல் வீட்டு வாசல்ல நிக்க. பத்தாவது வீட்டுக்குப் போவ எத்தனை வீடு நகரணும்?" என்றேன்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "ஒம்பது. முதல் வீட்டுலதான் ஏற்கெனவே நிக்கனே."

"அதான்! அந்த ஒண்ணைத்தான் கழிக்கோம்!"

"இதை முதல்லயே சொல்லவேண்டியதுதான? சூத்திரம் சூத்திரம்னுக்கிட்டு."

வீடியோவில் இந்தச் சண்டையை வெட்டி எடுக்க எனக்குத் தெரியவில்லை. ஏழு மணிக்குள் போட வேண்டும் என்பது எச்.எம். உத்தரவு. அப்படியே போட்டுவிட்டேன்.

தெரு உதாரணம் நான் வழக்கமாகச் சொல்வதுதான். இன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னேன் என்று பிரம்மசக்தி சொல்வதற்கு ஆதாரம் கிடையாது.

ஜூலை 13, வியாழன்

வகுப்பில் நுழைந்ததும் ஒரே சிரிப்பு. ஆனால் கணக்கைக் கொடுத்தால் ஒன்றைக் கழிக்க ஒருத்தரும் மறக்கவில்லை.

"சார், வீடியோல அம்மா கேட்டதுதான் எனக்கும் சந்தேகம்" என்றான் ஒருத்தன்.

"அப்ப நீ ஏம்ல கேக்கல?"

"எல்லாரும் புரிஞ்சுதுங்கும்போது நான் மட்டும் எப்படி சார் புரியலன்னு சொல்ல?"

"நானும் அதான் சார்" என்றது இன்னொரு குரல். பிறகு இன்னொன்று. எண்ணிப் பார்த்தால் புரிந்தது என்று கூரையை அதிரவைத்த கூட்டத்தில் பாதிக்கு மேல் இந்தக் கட்சி. இத்தனை வருஷத்துப் பிள்ளைகள் எப்படி இதைக் கேட்காமல் போனார்கள் என்று தெரியவில்லை. அவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்திருப்பார்கள்.

ஜூலை 24, திங்கள்

இப்போதெல்லாம் பிரம்மசக்தி விசிறிக்குக் கீழேதான் உட்காருகிறாள். கேட்கிறாள், நான் கத்துகிறேன், பிறகு ஏதோ ஒரு பதில் வந்துவிடுகிறது. வகுப்பில் இருக்கிற பிள்ளைகளைவிட அதிகம் பேர் வீடியோ பார்க்கிறார்கள். போன் அம்மாமார் கையில்தானே இருக்கிறது, அவர்களும் சேர்ந்து பார்க்கிறார்கள்.

மீன் வாங்கப் போனால் மீன்காரம்மா சண்டைக்கு வருகிறார். "அக்காவ அப்படி வையாதீய சார். அக்கா கேட்டது ஞாயந்தான?" அக்காவுக்கு என்று சொல்லி இரண்டு சாளை மீன் கூடப் போட்டார். எனக்கென்று ஒன்றும் போடவில்லை.

எச்.எம். கூப்பிட்டு, "வீடியோல கேள்வி கேக்குறது யாரு சார்? பிரமாதமான உத்தி" என்றார். "யோசிச்சு செஞ்சதுதான் சார்" என்றேன்.

ஜூலை 28, வெள்ளி

சுற்றி வருவது எளிதென்று நினைப்பவர்கள் என் முட்டிகளைக் கேட்கட்டும். ஒவ்வொரு மேசையாகக் குனிந்து, நிமிர்ந்து, குனிந்து. நின்ற இடத்திலேயே நின்று நடத்தியபோது தொண்டை மட்டும்தான் வலிக்கும். இன்று தைலம் தேய்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் பெஞ்சு சந்தனமாரியின் நோட்டை இன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். வகுப்பிலேயே உரத்த குரலில் "புரிஞ்சுது சார்" சொல்கிற பிள்ளை அது. பார்த்தால், அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதி வைத்திருக்கிறது. மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. கதை முடிந்தது. பத்தாம் வகுப்பில்!

கீழ் எண்களை ஒன்றாக்கி, பொதுப் பகுதியாக மாற்றிக் கூட்டும் முறையைச் சத்தமாகச் சொல்லிக் கொடுத்தேன். "புரிஞ்சுது சார்" என்றாள். அடுத்த கணக்கில் மறுபடியும் அதே போல் மேலும் மேலும், கீழும் கீழும்.

ஒன்பதாம் வகுப்பில் இவளுக்குக் கணக்கு எடுத்த ஆசாமியைச் சும்மா விடக்கூடாது என்று ஆசிரியர் அறையில் சத்தம் போட்டேன். போன வருஷம் ஒன்பது ஏ பிரிவுக்கும் நான்தான் என்பதை அனிட்டா நினைவுபடுத்தினாள். அந்தப் பெண்ணுக்கு மரியாதை போதாது.

ஆகஸ்ட் 9, புதன்

வினை வந்துவிட்டது. யாரோ அந்தக் களிமண் வீடியோவை வள்ளியூர் வரை அனுப்பி, அது பிரம்மசக்தியின் அக்காவுக்குப் போய், அவர் போன் பண்ணி ஒரே சிரிப்பு.

"ஊரே பாக்க என்னைக் களிமண்ணுன்னுட்டீயளே. எங்க அத்தான்வரைக்கும் கேட்டுச் சிரிக்காவ. இனும உங்க வீடியோப் பக்கமே வரமாட்டேன்" என்று சொல்லி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராத்திரி சாம்பாரில் உப்பில்லை. மறதியா, சேதியா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நேற்று தனியாகவே நடத்தினேன். அருமையாக வந்திருந்தது. வகுப்பில் ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். கேள்விதானே வேண்டும், கேட்பது யாராக இருந்தால் என்ன என்று, கதவுக்குப் பின்னால் போய் நின்று பெண் குரலில் நானே கேட்டுவிட்டு, ஓடி வந்து கரும்பலகை முன்னால் நின்று நானே பதில் சொன்னேன். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் சேர்த்து மூச்சு வாங்கியது.

எச்.எம். ராத்திரியே குழுவில், "அம்மாவுக்குத் தொண்டை சரியில்லையா சார்? உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று போட்டார். அதற்கு வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். எல்லாம் பெற்றோர்.

அடுப்படிக்குள்ளிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

சாயங்காலம் அனிட்டா வீட்டுக்கு வந்தாள். என்னைப் பார்க்க அல்ல.

"அக்கா, எம் பிள்ளைங்க என் வீடியோவ ரசிச்சுப் பாக்குதுங்க. ஆனா வகுப்புல கணக்குப் போடத் தெரியல. நீங்க வந்து எனக்குக் கேள்வி கேப்பீங்களா?" என்று என் எதிரிலேயே கேட்டாள். என் வீட்டுக்குள்ளேயே கன்னம் வைக்கிறாள்! பிரம்மசக்தி, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று அவளுக்குக் காபி கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், ஆனால் பேசவில்லை.

அவள் போனதும் நான் போய் அடுப்படி வாசலில் நின்றேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அன்றைக்கு அப்படிச் சொன்னது தப்பு, இனிமேல் சொல்லமாட்டேன், நீ இல்லாமல் முடியவில்லை, வந்துவிடு என்று மட்டும் சொன்னேன்.

அவள் யோசித்துவிட்டு நிபந்தனை போட்டாள். அவள் முகமும் வீடியோவில் தெரிய வேண்டும். களிமண் என்ற பேச்சே கூடாது. அவள் எது கேட்டாலும் நான் முதலில் "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டுத்தான் பதிலுக்குப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 21, திங்கள்

பட்டுச் சேலை கட்டி, நகை போட்டு வந்து உட்கார்ந்தாள். வட்டத்தின் தொடுகோடு நடத்தினேன். "நல்ல கேள்வி" என்று எத்தனை தடவை சொன்னேனோ, தாடை வலிக்கிறது. வள்ளியூருக்கு வீடியோவை அவளே அனுப்பிவிட்டாள்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் பிரம்மசக்திக்குப் பேனா ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு முட்டிவலித் தைலம்.

செப்டம்பர் 12, செவ்வாய்

சந்தனமாரி விஷயம் பிடிபடவே மாட்டேன் என்கிறது. தினம் கொஞ்ச நேரம் அவள் மேசையில்தான் போகிறது. முறையைச் சொன்னால் அப்படியே திருப்பி ஒப்பிக்கிறாள், பேனாவை எடுத்தால் ஐந்தில் இரண்டு. இன்று கொஞ்சம் அதட்டிவிட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டு, "ஆறாம் வகுப்புலேருந்தே இப்படித்தான் சார் போடுதேன். தப்புன்னு மார்க்கைக் குறைப்பாவ. ஏன் தப்புன்னு எனக்குத் தெரியாது. கேட்டா மக்குன்னு நெனப்பாவன்னு, புரிஞ்சுதுன்னு சத்தமா சொல்லிருவேன்" என்றாள்.

பிறகு அழுதாள். தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னேன். சாயங்காலம் பெண்டாட்டியிடம்கூட இதைச் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

அக்டோபர் 5, வியாழன்

காலாண்டு விடைத்தாள் திருத்தி முடிந்தது. ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் சராசரியில் அரை மதிப்பெண் வித்தியாசம். யார் பக்கம் என்று எழுதமாட்டேன்.

நாளை கடைசிப் பீரியடில் எச்.எம். வந்து முடிவைச் சொல்கிறார். வெள்ளைச் சட்டைக்குப் பெட்டி போட்டு வைத்திருக்கிறேன். பிரம்மசக்தி, "எல்லாம் நல்லபடியா வரும், சாப்பிடுங்க" என்கிறாள். நாளைக்கு அனிட்டா பெயரைச் சொல்லிவிட்டால், பிறகு நான் ஓய்வு பெறுகிறவரை பாடம் நடத்துவது என்பதே கிடையாது. அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 6, வெள்ளி

கடைசிப் பீரியட். விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, தப்பாகப் போட்ட கணக்குகளைத் திரும்பப் போடச் சொன்னேன். ஒரு கண் வாசலில், ஒரு கண் பிள்ளைகள்மேல்.

சந்தனமாரி தேர்விலும், ஒரு கணக்கின் நடுவில் அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டும் இடத்தில், அந்த ஐந்தில் இரண்டையே எழுதியிருந்தாள். பக்கத்துப் பிள்ளையைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். முறை சொல்லி அலுத்துவிட்டது. பேசாமல், அவள் விடையையே காட்டிக் கேட்டேன்.

"இந்த அஞ்சுல ரெண்டு இருக்கே, இது பாதியைவிடப் பெருசா, சின்னதா?"

அவள் எப்போதும் போல உடனே சொல்லப் போனாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். "அஞ்சுல பாதின்னா ரெண்டரை. இது ரெண்டுதான். அப்ப... பாதியைவிடச் சின்னது சார்."

"சரி."

நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் விடையைப் பார்த்தாள். கேள்வியைப் பார்த்தாள். மறுபடி விடையைப் பார்த்தாள். பேனா அப்படியே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல். "திரவியம் சார், ஒரு நிமிஷம்."

எச்.எம். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். சந்தனமாரி எழுந்திருக்கவில்லை. அவர் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

"சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றேன். நான்தான் சொன்னேன். எச்.எம்.மைப் பார்த்து. "இந்தப் பிள்ளை எதையோ பிடிச்சுட்டு வருது. இப்ப விட்டா போயிரும்."

அவர் என்ன முகம் காட்டினார் என்று நான் பார்க்கவில்லை.

"சார்" என்றாள் சந்தனமாரி மெதுவாக. "அரையோட இன்னும் கொஞ்சம் சேக்குதோம். சேத்தா கூடத்தான செய்யும்? அரையைவிடக் குறைஞ்சு போவுமா? அப்ப நான் போட்டது எப்படி சார் சரியா வரும்?"

"எப்படி வரும்?"

"வராது சார்! வரவே வராது!" என்று கத்திவிட்டு, அந்த ஐந்தில் இரண்டைத் தானே குறுக்காக அடித்தாள். தாள் கிழிகிற மாதிரி அடித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை வருஷமாக அவள் தலையில் உட்கார்ந்திருந்ததை அவளே இறக்கி வைத்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பின்னக் கணக்குக்கு அழுத கணக்கு வாத்தியார் என்று ஊரில் தெரிந்தால் சிரிப்பார்கள். இருக்கட்டும்.

மணி அடித்தது. பிள்ளைகள் போனார்கள். நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செருப்பைக் கழற்றுவதற்குள் பிரம்மசக்தி, "எச்.எம். ஐயா என்ன சொன்னாவ?" என்று கேட்டாள்.

அப்படியே நின்றுவிட்டேன். "வந்தாவ. நிக்கச் சொன்னேன். அப்புறம் கேக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டீயளா? மூணு மாசமா என் உசுரை எடுத்தீயளே, அதையா?" பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "அனிட்டா போன் பண்ணுச்சு. உங்க வகுப்பு வாசல்ல நின்னு பாத்துட்டு, எச்.எம். ஐயா அதுகிட்ட போயிச் சொன்னாவளாம். வீடியோ அதுதான் எடுக்குமாம், ரெண்டு வகுப்புக்கும். கேள்வி கேக்க என்னை வரச் சொல்லி எச்.எம். ஐயாவே சொன்னாவளாம். நீங்க ரெண்டு வகுப்புலயும் பிள்ளையளோட உக்காரணுமாம். நான் போவமாட்டேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் சொன்ன? போ. நீ போனாத்தான் அந்தப் பிள்ளையள் விளங்கும்."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"வருத்தம் இல்லாம இருக்குமா? இருக்கத்தான் செய்யுது" என்றேன். உண்மையாகவே இருந்தது. கை கால் கழுவி வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். "ஆனா அது கெடக்கட்டும், இதைக் கேளு. தான் போட்டது தப்புன்னு அந்தப் பிள்ளை தானா கண்டுபிடிச்சிட்டு. திங்கக்கிழமை வந்து, அப்ப சரியான விடை எப்படி சார் வரும்னு கேக்கப் போவுது. அதையும் நான் சொல்லப்படாது. அவளாத்தான் பிடிக்கணும். அதுக்கு நான் என்ன கேக்கணும், சொல்லு பாப்போம்."

அவள் சோற்றைப் போட்டுவிட்டு, தனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடிக்கிறவரை இரண்டு பேரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். இன்னும் சரியான கேள்வி அகப்படவில்லை. நல்லவேளை, நாளையும் மறுநாளும் விடுமுறை.